தமிழிலிருந்து தமிழுக்கு

எனக்கு இரண்டு பாஷை தெரியும். இரண்டுமே தமிழ். அந்த ஒரே தகுதிக்காகத்தான் இருபத்தோரு வயதில் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. அதே தகுதியால்தான் ராயபுரத்துப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், ஊரே பார்க்க, நான் ஒரு பொய்க்காரி என்பது இரண்டு தமிழிலும் நிரூபணமானது. இதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். வெட்கம் கொஞ்சம் பின்னால், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மெதுவாக வருகிறது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் பி.ஏ. படித்த முதல் பெண் நான். (படித்தது பொருளாதாரம். தெருவில் பாதிப்பேர் டாக்டருக்குப் படித்ததாக நினைத்து, என்னைக் கண்டால் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். நானும் பார்த்துத் தலையாட்டுவேன். பொய்யில் எனக்கு அப்போதே பயிற்சி ஆரம்பித்துவிட்டது.)

அந்த வருஷம் வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த நாலு பேராசிரியர்கள் ஒன்றாகக் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். மருத்துவம், தொழில்நுட்பம், பொருளாதாரம், பாரம்பரியம் என்று நாலு துறையும் சேர்ந்து, ஒரே ஒரு மீனவர் குப்பத்தை நாலு பக்கத்திலிருந்தும் ஆராய்ந்து தள்ளிவிடுவது. அதற்கு எங்கள் தெருவுக்கு வடக்கே, கடலை ஒட்டி இருந்த குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் காரை விட்டு இறங்கியதும் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, இங்க இன்னாத்துக்கு சுத்திகினு கீறீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பொருளாதாரப் பேராசிரியர் தன் நோட்டில், 'பேச்சு மொழி: தெலுங்காக இருக்கலாம்' என்று குறித்துக்கொண்டாராம். அந்த நோட்டை நானே பிறகு பார்த்தேன்.

ஆகவே தமிழர்களிடம் தமிழர்கள் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என் பெயரைச் சொன்னார். நானும் அம்மாவின் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் தேவையே இல்லாத ஒரு குடையோடு போய் நின்றேன். அப்பா மட்டும், "ரெண்டு தமிழுக்கும் நடுவுல ஆளு எதுக்கு?" என்று கேட்டார். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்று பெரிய மனுஷிபோல் சொன்னேன்.

குப்பத்தில் எனக்குத் தெரிந்தவள் கன்னியம்மா. தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு மீன் கூடை கொண்டுவருவாள். நாற்பது வயசிருக்கும். குரலுக்கு மட்டும் வயசே கிடையாது. தெருமுனையில் அவள் கூவினால் எங்கள் வீட்டில் பூனை எழுந்து உட்காரும். நான் கவுன் போட்டுத் திரிந்த காலத்திலிருந்து என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிறவள். அவளை நம்பித்தான் குப்பத்துக்குள் நுழைந்தேன். என்னை நம்பித்தான் குப்பம் எங்களை உள்ளே விட்டது.

குப்பத்துக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. கடல். வருஷா வருஷம் அது கரையைத் தின்றுகொண்டே உள்ளே வந்தது. போன வருஷம் வலை காயப்போட்ட மணல் இந்த வருஷம் அலைக்குள். கரையோரம் பாறாங்கல் கொட்டினால் கடல் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியாது. அந்த நேரத்தில் காரில் நாலு பேர் வந்து இறங்கினால், குப்பத்து ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

முதல் கூட்டம் ஒரு கட்டுமரத்தின் பக்கத்தில் நடந்தது. பொருளாதாரப் பேராசிரியர்தான் குழுவுக்குத் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ஆய்வினால் இம்மக்களுக்கு நேரடிப் பலன் எதையும் நாம் உறுதியளிக்க இயலாது என்பதைத் தெளிவாகக் கூறிவிடுங்கள், மிஸ் செலின்" என்றார்.

கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்: "இன்னா சொல்றாரு?"

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. எனக்கு உத்தியோகம் வேண்டும். அவர்களுக்குக் கல் வேண்டும். "கரைக்குக் கல்லு போடச் சொல்லி சர்க்காருக்கு எழுதப் போறாராம்" என்று சொல்லிவிட்டேன்.

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எய்தட்டும். கல்லு வர்லேன்னு வெச்சிக்கோ, இவுங்க கொண்டாந்த டேப்பு, தராசு, அல்லாத்தயும் கடல்ல வுட்டெறிவேன். சொல்லிடு."

"என்ன கூறுகிறார்?" என்றார் பேராசிரியர்.

"முழு ஒத்துழைப்பு தருவதாகக் கூறுகிறார், சார்."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பொய் அந்தப் பக்கம், ஒரு பொய் இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். எனக்கு என் திறமையை நினைத்து உடம்பெல்லாம் புல்லரித்தது.

அடுத்த வாரங்களில் நால்வரும் வேலையைத் தொடங்கினார்கள். கன்னியம்மா அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டாள்: டாக்டர் 'ஊசி', இன்ஜினீயர் 'டேப்பு', பொருளாதாரம் 'கேள்வி', பாரம்பரியம் 'பாட்டு'.

ஊசி எல்லோரையும் எடை பார்க்க வேண்டும் என்று ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தார். பெண்களில் ஒருத்தியும் ஏறவில்லை. "நான் இன்னா வஞ்சிரமா, தராசுல குந்த வெக்கிறீங்க?" என்றாள் கன்னியம்மா. இவர்களுக்குத் தராசு குறித்து ஒரு தயக்கம் உண்டு என்று மொழிபெயர்த்தேன். டாக்டர் அதை ஆர்வமாக எழுதிக்கொண்டார்.

டேப்பு ஒரே கட்டுமரத்தை மூன்று நாள் அளந்தார். மரத்துக்குச் சொந்தக்காரர் மூன்று நாளும் கடலுக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் அவர், "இன்னும் எத்தினி நாளு அளப்பாரு? மரம் இன்னா வளர்ந்துகினா கீது?" என்று கத்தினார். தன் மரத்தைப் பற்றி அவருக்குப் பெருமை என்று மொழிபெயர்த்தேன்.

கேள்வி, "உங்கள் சேமிப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கன்னியம்மா கடலைக் கை காட்டினாள். பாரம்பரிய முறையில் என்று மொழிபெயர்த்தேன். உடனே பாட்டு, அது தன் துறையாயிற்றே என்று நோட்டைப் பிரித்தார்.

பாட்டு நல்ல மனுஷர். பழைய மீனவர் பாடல் ஒன்று கிடைத்தால் போதும் என்று வெயிலில் அலைந்தார். பெண்கள் பாவப்பட்டு ஒரு பாட்டுப் பாடினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது அப்போது எங்கள் பக்கத்து டென்டுக் கொட்டாயில் ஓடிக்கொண்டிருந்த சினிமாவின் பாட்டு. நானே இரண்டு தரம் பார்த்த படம். வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் சொல்லப்போவதில்தான் எனக்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் கடல் பொங்கி உள்ளே வந்தது. விடிந்து பார்த்தால் கரையோரத்தில் இரண்டு குடிசைகள் இல்லை. மூன்றாவது வீடு கன்னியம்மாவுடையது. சமையலறைச் சுவர் விழுந்து, அடுப்பு இருந்த இடத்தில் நுரை நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமான்களை மணலில் போட்டுவிட்டு எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கார் வந்தது.

நாலு பேரும் இறங்கிப் பார்த்தார்கள். "ஐயோ பாவம்" என்றார்கள். அதில் பழுதில்லை. பிறகு டாக்டர், நேற்றிலிருந்து யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டார். இன்ஜினீயர், தான் அளந்த கட்டுமரம் பத்திரமா என்று பார்க்கப் போனார். பாட்டு, வீடு போனால் பாடுகிற ஒப்பாரி ஏதும் உண்டா என்று மெல்லக் கேட்டார். கேள்வி தன் நோட்டை எடுத்து, போன இரண்டு வீடுகளின் பெயரையும் கோடு போட்டு அடித்தார். "மிஸ் செலின், பட்டியலில் இரண்டு குடும்பங்கள் குறைகின்றன. பதிலுக்கு வேறு இரண்டு வேண்டும்."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். "கல்ல பத்தி எய்தறாரா?"

"ஆமா" என்றேன்.

அன்று மத்தியானத்துக்குள் வேறு இரண்டு குடும்பங்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் ஓடி ஓடி, வியர்க்க வியர்க்க. பேராசிரியர், "மிகவும் சுறுசுறுப்பு" என்று பாராட்டினார். அந்தச் சுறுசுறுப்புக்காரியை இன்றைக்குத் தெருவில் கண்டால் பளாரென்று ஒன்று வைப்பேன்.

மாசியில் ஆராய்ச்சி முடிந்தது. முடிவுகளை வாசிக்க, ராயபுரத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். சர்க்கார் அதிகாரி ஒருவர் தலைமை. குப்பத்து ஜனங்களும் வரவேண்டும் என்று பாட்டு ஆசைப்பட்டார். கல் கிடைக்கிற நாள் என்று நினைத்து, குப்பமே குளித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி இல்லை. பின்னால் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். கன்னியம்மா மட்டும் நேராக நடந்து வந்து, முன்வரிசையில் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

கட்டுரைகள் எல்லாம் உயர்ந்த தமிழில். நான் ஓரமாக நின்று, ஒவ்வொன்றையும் 'எங்கள் தமிழில்' சுருக்கிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

டாக்டர், 'நெய்தல் நில மாந்தர்தம் தோல் நலிவுகள்' என்று ஆரம்பித்து அரைமணி நேரம் வாசித்தார்.

"நம்ம கை கால் சொறி பத்திச் சொல்றாரு" என்றேன்.

"சரி. கல்லு?" என்றாள் கன்னியம்மா.

"பின்னாடி வரும்."

இன்ஜினீயர் கட்டுமரத்தின் நீளம், அகலம், வளைவு எல்லாவற்றையும் வாசித்தார்.

"கல்லு?"

"அடுத்தவரு சொல்லுவாரு."

அடுத்தவர் பொருளாதாரம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நிறுத்தி, அழுத்தமாக வாசித்தார்: "சுருங்கக் கூறின், இம்மக்களிடம் நாளையைப் பற்றிய சிந்தனை இல்லை."

கைதட்டினார்கள். "கஷ்டப்படறோம்னு... சொல்றாரு" என்று முனகினேன்.

கன்னியம்மா அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பின்னால் சுவரோரம் நின்றவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை, பேராசிரியரையே முறைத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு அந்தத் தமிழ் புரிகிறது! ஏன் புரியாது? கோயிலில் கேட்கிறார்கள், மேடையில் கேட்கிறார்கள், சினிமாவில் ராஜா ராணி பேசிக் கேட்கிறார்கள். புரியாமல் இருந்தது எல்லாம் பேராசிரியர்களுக்குத்தான். குப்பத்துக்கு நான் தேவைப்பட்டதே இல்லை. மரியாதைக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

(முதல் நாளும் புரிந்ததா என்று கேட்பீர்கள். வருஷங்கள் கழித்து நானே கன்னியம்மாவைக் கேட்டேன். "அன்னிக்கு அந்தாளு வாய்க்குள்ளயே பேசுனாரு. நீதான் சத்தமா சொன்ன" என்றாள்.)

நிலைமை புரியாத பாட்டு, புன்னகையோடு எழுந்து, தான் கண்டெடுத்த புராதனப் பாடலை ராகத்தோடு பாடிக் காட்டினார். இரண்டாவது அடியில் சுவரோரம் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நாலாவது அடியில் மண்டபத்துக்கே பாட்டு தெரிந்துவிட்டது. தலைமைதாங்க வந்த அதிகாரி விரலால் நாற்காலிக் கையில் தாளம் போட்டார். அவரும் படம் பார்த்திருந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கன்னியம்மா எழுந்துவிட்டாள்.

"கல்லு எங்க?"

பொருளாதாரப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லா? எந்தக் கல்?"

"கரைக்குப் போடற கல்லு. எய்தறேன்னு சொன்னியே?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டாக்டர், "கடலரிப்பு தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது அல்லவா?" என்றார். இன்ஜினீயர், தான் எடுத்துக்கொண்டது கலங்கள் மட்டும்தான், கரை இல்லை என்றார். வீடு வாசல் இழப்பு பொருளாதாரம்தானே என்று அவர் தள்ள, குடியிருப்பு என்பது வாழ்வியல், பாரம்பரியம் என்று கேள்வி தள்ள, பாட்டு பாவம், "கடல் என் துறை இல்லை" என்றார். ஆறு மாதம் நாலு பேர் அந்தக் கடலுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு போன கடல், நாலு துறைக்கும் நடுவிலே இருந்த சந்து வழியாக யாருக்கும் தெரியாமல் நழுவிப் போய்விட்டது.

"மேலும், பலன் எதையும் உறுதியளிக்க இயலாது என்று முதல் நாளே தெளிவாகக் கூறினேனே. மிஸ் செலின்தான் மொழிபெயர்த்தார்" என்றார் கேள்வி.

"நானுந்தான் மொதோ நாளே சொன்னேன். கல்லு வர்லேன்னா உன் டேப்பு, தராசு அல்லாத்தயும் கடல்ல எறிவேன்னு."

"நீங்கள் முழு ஒத்துழைப்பு தருவதாக அல்லவா..."

அவர் நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் மண்டபமே திரும்பியது. ஆறு மாதத்தில் அந்த இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"ஏன் பாப்பா?" என்றாள் கன்னியம்மா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரல் முதல்முறையாகச் சன்னமாக வந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கா நாளைய பத்தி ரோசனை இல்ல? நாளைக்கு என் வூடு இருக்குமா இருக்காதான்னு ரோசனை பண்ணிகினுதான்யா தெனம் உலை வெக்கிறேன். உனுக்கு இன்னா தெரியும்?"

பேராசிரியர் என்னைப் பார்த்து, "என்ன கூறுகிறார்?" என்று கேட்டார். பழக்கம்!

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா சொல்லித்தான் தெரியும். நான் குடையை மேஜையில் ஓங்கி அடித்தேனாம். பி.ஏ. வரை படித்த தமிழ் முழுக்க எங்கேயோ போய்விட்டதாம். "இன்னா கூறுவாங்க? உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிகினு கீறாங்க, காது இன்னா அவிஞ்சா பூட்சி? வூடு பூட்சின்னு நிக்கிறாங்க, நீ பேர அடிச்சிகினு கீற! நானும் ஒரு பேமானி, ஓடிப்போயி வேற வூடு புடிச்சாந்து குடுத்தேன்! ஊசியாம், டேப்பாம், துறையாம்! ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, திரும்பிக் கடலப் பார்த்தீங்களா?" இன்னும் நிறைய. எல்லாவற்றையும் அச்சில் போட முடியாது. சர்ச்சுக்குப் போகிற குடும்பம்.

நான் மூச்சு வாங்க நின்றபோது, அதிகாரி பவ்யமாகக் கன்னியம்மா பக்கம் குனிந்து கேட்டார்: "இந்தப் பெண் என்ன சொல்கிறது? கொஞ்சம் விளக்க முடியுமா?"

"தப்பு உங்க மேலயும் கீதாம், அது மேலயும் கீதாம்" என்றாள் கன்னியம்மா. "அத்த மட்டும் கரீட்டா சொல்லுது."

அன்றோடு உத்தியோகம் போயிற்று. அதற்காக நான் அழவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கன்னியம்மா தெருமுனையிலிருந்து கூவிக்கொண்டு வருவாள். எங்கள் வாசல் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். எங்கள் வீட்டைத் தாண்டியதும் மறுபடி கூவுவாள். மூன்று மாதம். பூனை மெலிந்துவிட்டது. அப்பா கருவாட்டைத் தட்டில் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் கூடையை எங்கள் வாசலில் இறக்கினாள். மீன் கொடுக்க அல்ல. "பேப்பர் எடு. கல்லுக்கு மனு எய்தணும். நான் சொல்றத மட்டும் எய்து." சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு எழுத்து மாற்றாமல். எழுதி முடித்ததும் அதை வாங்கிக்கொண்டு போய் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தெரு முனையில் தையல்காரரிடம் கொடுத்து இன்னொருமுறை கேட்டாள். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகுதான் கைநாட்டு வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம். அப்படி எத்தனையோ மனு.

கல் வந்தது. பல வருஷம் கழித்து, லாரி லாரியாக. கொட்டிய கல்வரிசை மேல் ஒருநாள் நின்று கன்னியம்மா கையை நீட்டிக் காட்டினாள். அவள் வீடு இருந்த இடம் கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள் இருந்தது. அவர்கள் பிற்பாடு உள்ளே தள்ளிக் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே நின்றபோது வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஆனால் கல் வருவதற்கு முன்னாலேயே எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தா. சர்ச்சில் கூட்டம். கன்னியம்மா குப்பத்துப் பெண்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாதிரியார் என்னைப் பார்த்து, இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்து, புதுப்பெண்ணுக்குரிய அடக்கத்தோடு, "சம்மதம்" என்றேன்.

"சாமி!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. "இன்னொரு தபா கேளு சாமி! அது சொல்றது ஒண்ணு, உள்ள கீறது ஒண்ணு!"

சர்ச்சே குலுங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். பாதிரியார் சிரிப்பை அடக்கப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவது முறை கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முக்காடு நழுவ நிமிர்ந்து, "சம்மதந்தான் கீது சாமி!" என்று கத்தினேன். "இப்ப நம்பலாம்" என்று கன்னியம்மா உட்கார்ந்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அரைமனசாகச் 'சரி' என்று சொல்லிவிட்டால் போதும், என் கணவர், பிள்ளைகள், மருமகள்கள், அந்தக் குரலைக் கேட்டே இராத பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஒன்றாகக் கூவுகிறார்கள்: "இன்னொரு தபா கேளு சாமி!"